நான்கு கழன்றது, ஐந்தாவது வழுக்குகிறது

கேள்வி: என் காரின் பின் டயரில் மெதுவாகக் காற்று இறங்குகிறது. ஸ்டெப்னி மாற்றலாம் என்று வண்டியோடு வந்த எல் ஸ்பேனரைப் போட்டேன். ஐந்து வீல் நட்டில் நான்கு கழன்றுவிட்டது. ஐந்தாவதில் ஸ்பேனர் இரண்டு தடவை சறுக்கியது. மூன்றாவது தடவை காலால் மிதித்தேன். அதோடு நட்டின் முனைகள் மழுங்கிவிட்டன. இப்போது ஸ்பேனர் சும்மா சுற்றுகிறது. அலாய் வீல். நட்டு 19-ஆம் நம்பர், பளபளவென்று மூடி போட்டது. அந்த மூடி ஒரு பக்கம் லேசாகக் கிழிந்து எழும்பி நிற்கிறது. கேஸ் டார்ச்சால் சூடு காட்டினால் வந்துவிடும் என்கிறார் மச்சான். மற்ற நட்டுகளை லூஸாக விட்டு வண்டியை முன்னும் பின்னும் ஓட்டினால் தானாக விடும் என்கிறார் நண்பர். ஸ்பேனரில் நீளமான பைப் செருகி இன்னும் பலமாக மிதித்துப் பார்க்கலாமா என்று நான் யோசிக்கிறேன். எதைச் செய்வது?

பதில்: மூன்றுமே வேண்டாம். முதல் வேலையாக, கழற்றிய நான்கு நட்டையும் எடுத்துத் திரும்பப் போட்டு இறுக்குங்கள்.

செய்த வேலையை எதற்கு மறுபடி கெடுப்பது என்று தோன்றும். ஆனால் இப்போது அந்தச் சக்கரத்தைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு. சக்கரம் கொஞ்சம் சாய்ந்தாலும் அந்த நட்டின் கூம்பு அடிப்பாகம் ஒரு விளிம்பில் மட்டும் அழுந்துகிறது, நட்டு ஏறியிருக்கும் மரைத் தண்டான ஸ்டட்டும் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும் நட்டு இன்னும் இறுகுகிறது. நான்கையும் போட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினால் சக்கரம், அதைத் தாங்கும் நடுப்பகுதியான ஹப்பில் நேராக உட்காரும். ஐந்தாவது தாங்கிய பாரத்தில் ஒரு பகுதியை மற்ற நான்கும் வாங்கிக்கொள்ளும். வழுக்கும் நட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளாதீர்கள். மற்றவை இறுகியிருக்கும்போது அதை முதலில் கழற்றுவதுதான் முறை.

வண்டி ஜாக்கியில் நின்றால் இறக்கிவிடுங்கள். பலம் கொடுக்கும் வேலை முழுக்க டயர் தரையில் இருக்கும்போதுதான் நடக்க வேண்டும். ஹேண்ட் பிரேக், கியர், முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. உங்களுடையது மெதுவாக இறங்கும் டயர் என்பதால் காற்று அடித்துக்கொள்ளுங்கள். நான்கு நட்டும் இறுகிவிட்டால் அந்த வண்டியை டயர் கடை வரை ஓட்டிப் போவதில் ஆபத்தில்லை. மழுங்கிய நட்டு வெளியே வரத்தான் மறுக்கிறது, சக்கரத்தைப் பிடிக்கும் வேலையை அது இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே அவசரமே இல்லை. அவசரத்தில் எடுக்கிற ஒவ்வொரு தப்பான முயற்சியும் நட்டில் மிச்சம் இருக்கும் பிடிப்பைத் தின்றுவிடும்.

மச்சானின் யோசனைக்கு வருகிறேன். டயர் மாட்டியிருக்கும் சக்கரத்துக்கு யாரும் தீ காட்டக் கூடாது. நட்டைத்தானே சூடாக்குகிறோம் என்று தோன்றும். ஆனால் சூடு உலோகத்தின் வழியே ரிம்முக்குப் போய், ரிம்மைத் தொட்டிருக்கும் ரப்பரை உள்ளுக்குள் வேகவைக்கும். வெந்த ரப்பரிலிருந்து எரியக்கூடிய வாயு கிளம்பும். மூடிய டயருக்குள் அது சேர்ந்தால் வெடிக்கும், தீயை அணைத்துச் சில நிமிடம் கழித்தும் வெடிக்கும். வீல் நட்டுக்குச் சூடு காட்டப்போய் டயர் வெடித்து ஆள் இறந்ததெல்லாம் நடந்திருக்கிறது. இதற்கு அடுத்ததுதான் மற்ற சேதங்கள்: அலாய் வீலின் பலம் பதப்படுத்தலால் வந்தது, 200 டிகிரிக்கு மேல் சூடேறினால் அந்தப் பதம் இறங்கத் தொடங்கும், வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. பேரிங் கிரீஸ் உருகும், சீல் கருகும். நட்டுக்கு மேல் இன்னொரு நட்டை வெல்டிங் வைத்துக் கழற்றும் வழக்கம் இருக்கிறது. அதிலும் இதே சூடுதான். டயர் மாட்டிய சக்கரத்தில் அதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நண்பரின் யோசனையும் அதே அளவு மோசம். சக்கரத்தை நிலையாக வைத்திருப்பது, நட்டுகள் இறுக்கி அழுத்துவதால் சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையே உண்டாகும் உராய்வு. ஸ்டட்டுகளின் வேலை அந்த அழுத்தத்தைக் கொடுப்பது. நட்டை லூஸாக விட்டால் அழுத்தம் போய்விடும். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட்டை இங்குமங்கும் வளைக்கும், அலாய் வீலின் ஓட்டை நீள்வட்டமாகும். கழற்ற வேண்டியது ஒரு நட்டு. இந்த வழியில் போனால் ஐந்து ஸ்டட்டும் ஒரு சக்கரமும் மாற்ற வேண்டிவரும்.

பைப் விஷயம் உங்களுடையது, அதை ஒரு கணக்கோடு சொல்கிறேன். பெரும்பாலான சிறிய, நடுத்தரக் கார்களில் வீல் நட்டு இறுக்கும் அளவு 85 முதல் 120 நியூட்டன் மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 30 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் கிடைப்பது சுமார் 175. அந்தப் பலத்துக்கும் நட்டு அசையாமல் ஸ்பேனர்தான் சறுக்கியது. பைப் செருகி நீளத்தை 60 செ.மீ. ஆக்கினால் பலம் 350 ஆகும். பிடி கிடைக்காத இடத்தில் அந்த 350-ம் சேர்ந்து மிச்சமிருக்கும் முனையைத்தான் சீவும். உங்களிடம் பலத்துக்குக் குறைவில்லை, பிடிப்புக்குத்தான் குறைவு. பிடிப்பை முதலில் உண்டாக்குங்கள், நீளமான கம்பி அதற்குப் பிறகு.

இனி உங்கள் நட்டைப் பார்ப்போம். நீங்கள் எழுதிய ஒரு வரியில் விடை பாதி இருக்கிறது: மூடி கிழிந்து எழும்பி நிற்கிறது என்றீர்கள். இது இரண்டு துண்டு நட்டு. உள்ளே சாதாரண இரும்பு நட்டு. அதன்மேல் அழகுக்காக மெல்லிய தகட்டை அழுத்திப் போர்த்தியிருப்பார்கள். தகட்டுக்கும் நட்டுக்கும் நடுவே தண்ணீர் இறங்கி உள்ளே துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் தகடு உப்பும். 19 மி.மீ. இருந்தது 19.5 ஆகும். 19-ஆம் நம்பர் ஸ்பேனர் முழுசாக உள்ளே போகாமல் நுனியில் மட்டும் தொற்றி நிற்கும். அந்த நிலையில் மிதித்தால் உள்ளே இருக்கும் நட்டு அப்படியே இருக்க, மேல் தகடு மட்டும் சுருண்டு மழுங்கும். உங்களுக்கு நடந்திருப்பது அநேகமாக இதுதான். மழுங்கியது தகடு, அதற்கு அடியில் ஆறு முனையும் கெடாத இரும்பு நட்டு ஒன்று காத்திருக்கிறது.

தகட்டை உரித்து எடுங்கள். அலாய் வீலின் பள்ளத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் இரண்டு மூன்று சுற்று ஒட்டி, அதன்மேல் மெல்லிய தகரத் துண்டு ஒன்றை வளைத்து வையுங்கள், உளி நழுவினால் ரிம்மில் படாது. கண்ணாடி கட்டாயம் போடுங்கள். கூர்மையான சின்ன உளியைக் கிழிந்த விளிம்பில் வைத்து, தகட்டுக்கும் நட்டுக்கும் இடையே நுழையும்படி சாய்வாகத் தட்டுங்கள். ஒரு முனை பிரிந்ததும் மூக்குக் குறடால் பிடித்து, டின் மூடியைச் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டே போனால் பட்டை பட்டையாக வரும். உள்ளே கறுப்பும் செம்பழுப்புமாக, துருப்பொடி அப்பிய அறுகோணம் தெரியும். கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு வெர்னியரால் எதிரெதிர்ப் பக்கங்களை அளந்து பாருங்கள். வெளி அளவைவிட ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் குறைவாக, 18-ஐ ஒட்டி நிற்கும். அதற்கு இறுக்கமாக உட்காரும் சாக்கெட்தான் (நட்டின் மேல் தொப்பிபோல மாட்டும் ஸ்பேனர் தலை) வேண்டும்.

சாக்கெட் எப்படிப்பட்டது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளே ஆறு முகம் உள்ளது வாங்குங்கள். பன்னிரண்டு முகச் சாக்கெட் நட்டின் முனையை மட்டும் பிடிக்கும். ஆறு முகச் சாக்கெட் பக்கத்தையும் சேர்த்து அணைக்கும். பளபளக்கும் குரோம் சாக்கெட் சுத்தியல் அடிக்கு விரிசல் விட்டுச் சிதறலாம், கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் அடியைத் தாங்கும். ஆனால் கறுப்பு சாக்கெட்டின் சுவர் தடிமன். அலாய் வீலின் பள்ளம் குறுகலாக இருந்தால் இறங்காது, அதற்கென்றே மெல்லிய சுவர் உள்ள வீல் நட்டு சாக்கெட் கிடைக்கிறது. அந்த நட்டின் பள்ளத்துக்குள் இறங்குகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

சாக்கெட்டை நட்டின் மேல் நேராக வைத்து, குட்டை எக்ஸ்டென்ஷன் (சாக்கெட்டை நீட்டும் இடைத்தண்டு) போட்டு, ஒரு கிலோ சுத்தியலால் அடித்து இறக்குங்கள். அளவான, நேரான அடி போதும். பெரிய சம்மட்டி வேண்டாம், ஒவ்வொரு அடியும் பின்னால் வீல் பேரிங்கில் போய் விழுகிறது. சத்தத்தைக் கவனியுங்கள். இறங்கிக்கொண்டிருக்கும்போது ‘தொப் தொப்’ என்று மந்தமாகக் கேட்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் ‘டங்’ என்று கெட்டியாகும். அப்போது சாக்கெட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். துளியும் ஆடக் கூடாது. ஆடினால் அளவு பெரிது, கம்பியைப் போடாதீர்கள்.

ஆடவில்லை என்றால் 45 முதல் 60 செ.மீ. நீளமுள்ள பிரேக்கர் பாரை, அதாவது சாக்கெட்டைத் திருப்பும் கம்பியை, போடுங்கள். கம்பி இடப்பக்கம் படுத்திருக்கும்படி, கடிகாரத்தில் ஒன்பது மணி இருக்கும் திசையில் வைத்தால், கீழே அழுத்துவது கழற்றும் திசையாகும். உடம்பின் எடை தானாகவே உதவும். இந்த இடத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள்: எக்ஸ்டென்ஷன் போட்டதும் கம்பியின் தலை ரிம்மிலிருந்து வெளியே தள்ளி நிற்கும், அழுத்தும்போது அது கீழே சாயும், சாக்கெட்டும் கூடவே சாய்ந்து நட்டின் விளிம்பை மட்டும் கடித்துச் சறுக்கும். எக்ஸ்டென்ஷனுக்கு அடியில், கம்பியின் தலையை ஒட்டி, ஒரு ஸ்டாண்டையோ மரக்கட்டையையோ முட்டுக் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் நேராகக் கிடக்க வேண்டும். முட்டுக் கொடுத்தால் அதே கம்பி, அதே பலம், இருமடங்கு பிடிப்பு என்று சொல்லலாம்.

கழற்றும் முன் ஒரு தடவை இறுக்கும் பக்கம் லேசாகத் தள்ளிப் பாருங்கள். காரணம் இருக்கிறது. ஸ்பேனர் சறுக்கியது கழற்றும் திசையில். அதனால் ஒவ்வொரு முனையிலும் ஒரு பக்கம்தான் தேய்ந்திருக்கும், மறுபக்கம் பெரும்பாலும் முழுசாக இருக்கும். அந்தப் பக்கம் பிடித்து நூலளவு நகர்த்தினால் மரையில் பிடித்திருக்கும் துரு உடையும். பிறகு திரும்பிக் கழற்றுவது எளிது. நூலளவு என்றால் நூலளவுதான், மேலும் இறுக்கினால் ஸ்டட் நீண்டுவிடும். கழற்றும்போது வெட்டி வெட்டி இழுக்காமல் ஒரே சீராகப் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். துரு விட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அது நல்ல சத்தம். சத்தமே இல்லாமல் ரப்பரைத் திருகுவதுபோல மெத்தென்று திரும்பினால் நிறுத்துங்கள். ஒன்று சாக்கெட் வழுக்குகிறது, இல்லையென்றால் ஸ்டட் முறுக்கிக்கொண்டு உடையப் பார்க்கிறது.

துரு இளக்கும் எண்ணெய் பற்றியும் கேட்பீர்கள். மரை வெளியே தெரியும் திறந்த நட்டில் அது நன்றாக வேலை செய்யும். உங்களுடைய நட்டு முன்பக்கம் மூடியது, மரைக்குள் எண்ணெய் போக வழி கிடையாது. நட்டின் கூம்பு சக்கரத்தில் உட்காரும் வளையத்தில் மெல்லிய குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடலாம். அந்த இடத்தில் பிடித்திருக்கும் துருவை அது இளக்கும். விட்டுவிட்டு நட்டின் நெற்றியில் பத்துப் பதினைந்து தட்டு தட்டி, அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி விடுங்கள். இரவு விட்டு வைத்தால் இன்னும் நல்லது. ஸ்ப்ரேயாக அடிக்காதீர்கள், பின்னால் பிரேக் இருக்கிறது. டிஸ்க்கிலோ டிரம்முக்குள்ளோ எண்ணெய் பட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது.

உங்களுடையது மூடி நட்டு இல்லாமல் ஒரே துண்டாக இருந்து, இரும்பே மழுங்கியிருந்தால் வழி கொஞ்சம் மாறும். ஒரு அளவு சின்ன சாக்கெட்டை அடித்து ஏற்ற வேண்டும். இங்கே அங்குல சாக்கெட்டுகள் கைகொடுக்கும். 21-ஆம் நம்பர் நட்டு மழுங்கினால் 13/16 அங்குல சாக்கெட் அருமையாகப் பிடிக்கும், அது 20.6 மி.மீ. 22 மழுங்கினால் 21. 19 மழுங்கினால் 18. அதுவும் ஆடினால் 17.5 மி.மீ. ஆன 11/16. முக்கால் அங்குலம் 19-ஐவிடக் கொஞ்சம் பெரிது, அதனால் பயனில்லை. 17 மழுங்கினால் 16. பன்னிரண்டு முகச் சாக்கெட்டை வேண்டாம் என்றேன். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அது சில சமயம் ஆறு முகத்தைவிட நன்றாகக் கடிக்கும், ஏனென்றால் அதன் கூர்மையான பற்கள் மழுங்கிய இரும்பில் புதுத் தடம் வெட்டி இறங்கும். பழைய சாக்கெட் ஒன்றை இதற்குப் பலி கொடுக்கலாம். வேலை முடிந்ததும் அதை மறுபடி பெட்டியில் சேர்க்காதீர்கள்.

இதற்கென்றே செய்த கருவி எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட். உள்ளே சுருண்ட பற்கள் இருக்கும். கழற்றத் திருகத் திருக நட்டுக்குள் மேலும் மேலும் இறங்கிக் கடிக்கும். முனை என்று ஒன்றுமே மிச்சமில்லாத, உருண்டையாகிப்போன நட்டையும் எடுத்துவிடும். கையால் வைத்தால் நுழையாத, அடித்தால் மட்டும் இறங்கும் அளவாகத் தேர்ந்தெடுங்கள். கையால் சுலபமாக உள்ளே போகிற அளவு வழுக்கும். நட்டு கழன்றதும் சாக்கெட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வைஸில் நட்டைப் பிடித்துச் சாக்கெட்டை இறுக்கும் பக்கம் திருப்பினால் விடும், அல்லது சதுர ஓட்டை வழியாகக் கம்பி விட்டுத் தட்டினால் விழும். சாவி தொலைந்த லாக் நட்டுக்கும் இதே கருவிதான். ஆனால் சில லாக் நட்டுகளின் வெளி வளையம் தனியாகச் சுற்றும்படி செய்யப்பட்டிருக்கும், அதில் எந்தச் சாக்கெட்டும் பிடிக்காது. அவற்றை ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள்.

உளியை நட்டின் முனையில் பக்கவாட்டில் வைத்து அடித்துச் சுற்றுவது பழைய வழி. இரும்பு ரிம்மில் நட்டைச் சுற்றி இடம் இருக்கும், அங்கே செய்யலாம். அலாய் வீலின் குழிக்குள் உளி சாய இடம் கிடையாது. ஒரு அடி தவறினால் ரிம்மில் வெட்டு விழும்.

எல்லாம் தோற்றால் டிரில். கையில் நிதானம் உள்ளவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது, மற்றவர்கள் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுச் செய்துகொள்ளலாம். நட்டின் நெற்றியில் சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்கி 6, 8, 10 என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஸ்டட் பதப்படுத்திய இரும்பு, சாதாரண பிட் நுனி எரிந்துவிடும். கோபால்ட் பிட், குறைந்த வேகம், நல்ல அழுத்தம், அவ்வப்போது கட்டிங் ஆயில். எவ்வளவு ஆழம்? அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது: பக்கத்து நட்டைக் கழற்றி, நெற்றியிலிருந்து கூம்பின் அடிவரை அளந்து, அந்த நீளத்துக்குப் பிட்டில் டேப் சுற்றிவிடுங்கள். அளந்ததும் அந்த நட்டை மறுபடி போட்டு இறுக்கிவிட்டுத் தொடங்குங்கள். 12 மி.மீ. ஸ்டட்டில் மரைப் பள்ளத்தின் விட்டம் 10 மி.மீ.க்குச் சற்று மேலே. 10 மி.மீ. பிட் போய்விட்டால் உள்ளே மிஞ்சுவது ஓடு மாதிரி ஒரு மரை மட்டுமே. இறுக்கம் தானாக விட்டுவிடும், ஒரு தட்டுத் தட்டினால் நட்டு சுழலும். பிட் நடுவிலிருந்து ஒதுங்குவதுதான் இதில் பெரிய சிக்கல். ஒதுங்குவது தெரிந்ததும் சின்ன பிட்டுக்குத் திரும்பி நேராக்குங்கள், பெரிய பிட்டால் சரிசெய்ய முடியாது.

சில கார்களில் ஸ்டட்டும் நட்டும் கிடையாது, தலையுள்ள போல்ட் நேரே ஹப்புக்குள் திருகியிருக்கும். அவற்றில் போல்ட்டின் தலையை மட்டும் டிரில் பண்ணி விழச்செய்தால் போதும். இறுக்கம் போனதால், சக்கரத்தை எடுத்தபின் மிச்சத் தண்டு குறடாலேயே சுற்றி வந்துவிடும்.

உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று: நட்டு சுற்றுகிறது, வெளியே மட்டும் வருவதில்லை. இது மழுங்கல் இல்லை, மரை போன கேஸ். இரண்டு விதமாக இருக்கலாம். நட்டுக்குள் மரை தின்றுபோய் ஒரே இடத்தில் சுற்றலாம்; அல்லது ஸ்டட்டின் பின்பக்கப் பற்கள் ஹப்பில் பிடிப்பு விட்டு, நட்டோடு சேர்ந்து ஸ்டட்டே சுற்றலாம். திறந்த நட்டாக இருந்தால் ஸ்டட்டின் நுனியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுச் சுற்றிப் பாருங்கள். கோடும் சுற்றினால் இரண்டாவது வகை. இங்கே முதலில் சொன்னது தலைகீழாகும்: மற்ற நட்டுகளை எடுத்துவிட்டு, வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் உட்காரவைத்து, சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையே கடப்பாரை கொடுத்து வெளிப்பக்கம் நெம்பிக்கொண்டே ஒருவர் நட்டைச் சுற்ற வேண்டும். பின்னாலிருந்து தள்ளும்போது மிச்ச மரையோ ஸ்டட்டின் பல்லோ கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அப்படியும் வராவிட்டால் ஸ்டட்டை வெட்டுவதுதான் வழி.

இன்னொன்று, எந்தப் பக்கம் திருகுகிறோம் என்பது. இன்றைய கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் கழற்றுவது இடப்பக்கம்தான். பழைய கார்கள், லாரிகள் சிலவற்றில் வண்டியின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர் மரை இருக்கும். ஸ்டட்டின் நுனியில் ஆங்கில ‘எல்’ எழுத்து பொறித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் கழற்றுவதாக நினைத்து இறுக்கியே ஸ்டட்டை உடைத்தவர்கள் உண்டு.

நட்டு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டட்டின் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு, நல்ல நட்டு ஒன்றைக் கையால் கடைசிவரை சுற்றிப் பாருங்கள். நடுவில் எங்கே இறுகினாலும், மரையின் இடைவெளி ஓரிடத்தில் அகலமாகத் தெரிந்தாலும், ஸ்டட் நீண்டுவிட்டது என்று பொருள். மாற்றுங்கள். டிரில் செய்த ஸ்டட்டை மாற்றியே ஆக வேண்டும். டிரம்மையோ டிஸ்க்கையோ எடுத்துவிட்டு, பழையதைச் சுத்தியலால் பின்பக்கம் தட்டி வெளியே தள்ளுவார்கள். புதியதைப் பின்னாலிருந்து நுழைத்து, முன்னால் கிரீஸ் தடவிய வாஷர்கள் சில அடுக்கி, அதே மரையுள்ள திறந்த நட்டு ஒன்றால் இழுத்து உட்காரவைப்பார்கள். ஸ்டட்டின் தலை ஹப்பின் முதுகில் இடைவெளி இல்லாமல் ஒட்டியதா என்று பாருங்கள். ஒட்டாமல் விட்டால், ஓட ஓட அது உள்ளே இறங்கி நட்டு லூஸாகும்.

மூடி நட்டு ஒன்று உப்பிவிட்டது என்றால் மற்றவையும் அதே தண்ணீரைத்தான் குடித்திருக்கின்றன. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே துண்டு நட்டாக மாற்றிவிடுங்கள். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: மரையின் விட்டமும் இடைவெளியும் (12 மி.மீ. ஸ்டட்டிலேயே 1.25, 1.5 என்று இரண்டு இடைவெளி உண்டு, மாற்றிப் போட்டால் மரையைத் தின்றுவிடும்), அடிப்பாகத்தின் வடிவம் (கூம்பு, பந்து, தட்டை), நீளம். கூம்பு உட்காரும் குழியில் பந்து நட்டைப் போட்டால் ஒரு கோடளவுதான் தொடும், சக்கரம் ஆடத் தொடங்கும். ஸ்டெப்னி இரும்பு ரிம்மாக இருந்தால் அதிலும் இதே நட்டு சரியாக உட்காருகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

பூட்டும்போது சொட்டுவிட்ட எண்ணெயை நட்டு உட்காரும் குழியிலிருந்தும் மரையிலிருந்தும் துடைத்துவிடுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் இறுக்க அளவு பொதுவாகக் காய்ந்த மரைக்கானது. எண்ணெய் இருந்தால் அதே அளவில் ஸ்டட் மிக அதிகமாக இழுபடும். துருப் பிடிக்கக் கூடாது என்று கிரீஸ் தடவ ஆசைப்பட்டால் மரையில் வேண்டாம், சக்கரமும் ஹப்பும் ஒட்டும் நடு வளையத்தில் விரல் தேய்ப்பு அளவு தடவுங்கள். நட்டைக் கையால் நான்கைந்து சுற்று ஏற்றிவிட்டுத்தான் ஸ்பேனர் போட வேண்டும். டயர் கடையிலும் இதைக் கேட்டு வாங்குங்கள். நட்டை ஏர் கன்னில் செருகி நேரே ஸ்டட்டில் வைத்து அடிப்பதில்தான் மரை குறுக்கே ஏறுகிறது, அளவுக்கு மேல் இறுகுகிறது. அடுத்த தடவை சாலையோரம் ஸ்பேனர் சறுக்குவது அங்கே தொடங்குகிறது. கடைசி இறுக்கம், இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனரான டார்க் ரெஞ்சால், எதிரெதிராக மாற்றும் நட்சத்திர வரிசையில், உங்கள் காரின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு. 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒரு தடவை.

நட்டோ ஸ்டட்டோ உடைந்து, ஐந்தில் நான்கோடு நிற்க நேர்ந்தால், நான்கையும் சரியான அளவுக்கு இறுக்கி, மெதுவாக, பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை மட்டும் போகலாம். மொத்தமே நான்கு ஸ்டட் உள்ள காரில் ஒன்று போனால் நகர்த்தாதீர்கள், ஸ்டட்டை வண்டி நிற்கும் இடத்துக்கு வரவழையுங்கள்.